பப்பாளிப் பாலில் தொடங்கி குருத்தணு வரை: தேய்ந்த ஜவ்வின் கதை

"முதுகில் ஜவ்வு தேய்ந்துபோயிருக்கிறது." எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி மருத்துவர் இப்படிச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் வருவது இயற்கை. ஆனால் பயத்தோடு ஒரு நிம்மதியும் வரும். இத்தனை மாதங்களாக வீட்டிலும் வேலையிடத்திலும் யாரும் சரியாக நம்பாத வலிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி அது. படத்தில் மற்றத் தட்டுகள் வெளிறித் தெரிய, ஒன்று மட்டும் கறுத்துச் சப்பையாகக் கிடக்கும். குற்றவாளி பிடிபட்டுவிட்டான். இனி அவனைச் சரிசெய்வதுதானே பாக்கி?

அடுத்த கேள்வி தானாக வரும். தேய்ந்ததை மறுபடி வளர்க்க முடியாதா? உலகின் பல நகரங்களில் உள்ள தனியார் கிளினிக்குகள் இதற்கு, "முடியும், ஸ்டெம் செல் ஊசி போட்டால் போதும்" என்று பதில் சொல்லி வருகின்றன. ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். வாழைக் குருத்து இலையாக விரிவதுபோல, வெவ்வேறு திசுக்களாக மாறக்கூடிய உயிரணு என்று பொருள். பெயரே நம்பிக்கை தருகிறது. ஆனால் அந்த ஊசிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர் கிளினிக்கில் வேறொரு கேள்வியைக் கேட்பார்.

டிரெஸ்டன் நகரத்துப் பிணவறை

முதுகு வலி மனிதனோடு பிறந்தது. அதற்கு ஜவ்வைக் காரணம் காட்டும் வழக்கத்துக்கு வயது தொண்ணூறு சொச்சம்தான். அதற்கு முன்பு வாதம் என்றார்கள், குளிர் என்றார்கள், சுளுக்கு என்றார்கள். 1764-ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமினிக்கோ கொட்டுஞ்ஞோ, இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலிகளில் ஒரு வகை மூட்டிலிருந்து வருவதல்ல, நரம்பிலிருந்து வருவது என்று பிரித்துக் காட்டினார். அந்த நரம்பைத் தொந்தரவு செய்வது எது என்பது அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் சரிவரப் பிடிபடவில்லை.

விடையின் முதல் பாதி கிடைத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பிணவறையில். அங்கே நோய்க்கூறு மருத்துவராக இருந்த கிறிஸ்டியன் ஜார்ஜ் ஷ்மோர்ல், 1920-களில் இறந்தவர்களின் முதுகெலும்பை முழுதாக எடுத்து, நெடுக்காக அறுத்து ஆராயத் தொடங்கினார். ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் பார்த்தார். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் வயதாக ஆக எப்படி வற்றுகின்றன, எப்படி வெடிக்கின்றன, உள்ளிருக்கும் கூழ் எந்தப் பக்கம் பிதுங்குகிறது என்பதையெல்லாம் பதிவு செய்தார். அவரும் யுங்ஹான்ஸ் என்ற இளைய மருத்துவரும் எழுதிய நூல் 1932-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஷ்மோர்ல் இறந்தார். ஒரு முதுகெலும்பை அறுக்கும்போது விரலில் பட்ட காயம் சீழ்பிடித்து, இரத்தத்தில் நச்சு ஏறியதுதான் காரணம்.

இந்தத் தட்டு என்பது என்ன? இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. வெளிச்சுற்றில் நார்கள் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் நீர் கோத்த கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். பகல் முழுதும் நம் எடை அதை அழுத்த, நீர் கசியும். இரவில் படுத்ததும் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எழும்போது நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். வளர்ந்த மனிதனின் தட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துதான் அதற்குச் சோறு. குருத்தணுவின் கதையில் இந்தச் செய்தி மறுபடி வரும்.

விடையின் மறுபாதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிடைத்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜேசன் மிக்ஸ்டர் நரம்பு அறுவை மருத்துவர். ஜோசப் பார் எலும்பு மருத்துவர். 1932-இல் கால் வலியால் துடித்த ஒருவரின் தண்டுவடத்தை ஒட்டியிருந்த கட்டியை மிக்ஸ்டர் அகற்றினார். குருத்தெலும்புக் கட்டி என்று ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தது. ஷ்மோர்லின் ஆராய்ச்சியை அறிந்திருந்த பாருக்கு அதில் சந்தேகம். மருத்துவமனையில் முன்பு கட்டிகள் என்று எழுதிச் சேர்த்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி பார்த்தார்கள். பெரும்பாலானவை கட்டிகளே அல்ல, பிதுங்கி வெளியே வந்த தட்டுத் துண்டுகள். 19 நோயாளிகளைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1934-இல் வெளிவந்தது.

அதுவரை படுக்கையிலேயே கிடந்தவர்கள் அறுவைக்குப் பின் எழுந்து நடந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மக்களும் மறந்தார்கள், மருத்துவர்களில் பலரும் மறந்தார்கள். மிக்ஸ்டரும் பாரும் கண்டது, பிதுங்கிய தட்டு நரம்பை நெருக்குவதால் காலில் இறங்கும் வலி. பிதுங்காமல் வெறுமனே வற்றிப்போன தட்டும், இடுப்பிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும் வலியும் வேறு சங்கதி. ஒன்றுக்குக் கிடைத்த வெற்றியின் வெளிச்சத்தில் மற்றதற்கும் தட்டே காரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

முயலின் காதும் ஆட்டுக்கறியும்

ஆட்டுக்கறி வேகாமல் அடம்பிடித்தால் அதில் ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவது நம் வீட்டுச் சமையலறையில் பழைய வழக்கம். காயைக் கீறினால் வடியும் பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. கறியை மெதுவாக்குவது அவைதான். இந்தப் பப்பாளிப் பால் முதுகு வலி மருத்துவத்துக்குள் நுழைந்த கதையைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பப்பாளி நொதியை முயல்களின் இரத்தத்தில் செலுத்தியபோது ஒரு விநோதத்தைக் கண்டார். சில மணி நேரத்தில் முயல்களின் நிமிர்ந்த காதுகள் துவண்டு, நாயின் காதுபோல் தொங்கிவிட்டன. காதைத் தாங்கும் குருத்தெலும்பின் பசை கரைந்துவிட்டது. சில நாளில் காதுகள் மறுபடி நிமிர்ந்தன. முயலுக்கு வேறு கேடு எதுவும் இல்லை.

இதைப் படித்த லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காதின் பசையைக் கரைப்பது, பிதுங்கிய தட்டின் கூழையும் கரைக்காதா? கத்தி வைக்காமல் ஒரே ஊசியில் வேலை முடியுமே? பப்பாளிப் பாலில் உள்ள கைமோபப்பாயின் என்ற நொதியை எடுத்து, விலங்குகளில் சோதித்துவிட்டு, 1960-களின் தொடக்கத்தில் மனிதர்களுக்குச் செலுத்தினார். 1964-இல் முடிவை வெளியிட்டார். எழுந்து நடந்தவர்களின் கதைகள் பரவின. அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகுதான் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. ஊசி போட்டவர்களுக்குக் குணமானது சரி. ஊசி போடாமல் விட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேருக்குத் தானாகவே குணமாகியிருக்கும்? பிதுங்கிய தட்டுத் துண்டுகளில் பல, மாதங்கள் போகப் போக உடலாலேயே கரைக்கப்பட்டு மறைந்துவிடும் என்பதைப் பிற்காலத்துப் படங்கள் காட்டின. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், சிலருக்கு நொதியும் சிலருக்கு வேறு திரவமும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒப்பிடக் கொடுத்த திரவமே சரியில்லை என்று ஒரு தரப்பு வாதாடியது. அனுமதி தள்ளிப்போனது.

1980-களின் தொடக்கத்தில் 108 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. இந்த முறை நொதி வென்றது. அதைப் பெற்றவர்களில் நான்கில் மூவர் அளவுக்குக் குணமடைந்தார்கள். 1982-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தச் சோதனையின் இன்னொரு எண்ணைக் கவனிப்பவர் குறைவு. நொதி இல்லாத வெறும் ஊசி போட்டவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் குணமடைந்தார்கள். மருந்தே இல்லாத ஊசிக்கு இது கொஞ்சநஞ்ச வெற்றி அல்ல.

அனுமதி கிடைத்ததும் ஊசி வேகமாகப் பரவியது. பயிற்சி போதாத கைகளும் ஊசியைப் பிடித்தன. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. கறியை மெதுவாக்கும் பொடியிலும் வேறு உணவுகளிலும் பப்பாளி நொதியைச் சாப்பிட்டுப் பழகிய உடல், அதே நொதி உள்ளே வந்ததும் எதிரியைக் கண்டதுபோல் கொந்தளித்தது. இன்னும் சிலருக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தன. எண்ணிக்கையில் இவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதுகு வலிக்கு ஊசி போடப் போனவர் சக்கர நாற்காலியில் திரும்பினார் என்ற செய்தி ஒன்றே போதாதா? மருத்துவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். 2003-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மருந்து மறைந்தது.

வேலை செய்த மருந்துதான் அது என்பதை மறுபடி சொல்ல வேண்டும். நியாயமான சோதனையில் தேறிய மருந்து. அதற்கே இந்தக் கதி.

வலியில்லாத முதுகுகள்

இதற்கிடையில் எம்.ஆர்.ஐ. வந்தது. உயிரோடிருப்பவரின் தட்டை அறுக்காமலேயே பார்க்க முடிந்தது. வலி உள்ளவர்களைப் படமெடுத்தபோது, எதிர்பார்த்தபடியே தட்டுகள் தேய்ந்திருந்தன, பிதுங்கியிருந்தன. வலி இல்லாதவர்களையும் படமெடுத்துப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றியது நம் அதிர்ஷ்டம்.

1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரின் படங்களை ஆராய்ந்தார்கள். ஒரு தட்டிலாவது உப்பல் இருந்தவர்கள் 52 விழுக்காடு. அதைவிடத் தெளிவான பிதுக்கம் இருந்தவர்கள் 27 விழுக்காடு. 2015-இல் வலியில்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தட்டு தேய்ந்திருந்தது. எண்பது வயதில் 96 விழுக்காடு. தலை நரைப்பதைப் போலத்தான் இதுவும்.

பாரம் தூக்கியதால்தான் ஜவ்வு தேய்ந்தது என்பது இன்னொரு பழைய தீர்ப்பு. ஃபின்லாந்தில் உருவொத்த ஆண் இரட்டையர் 115 சோடிகளை ஆராய்ந்தார்கள். முடிவு 1995-இல் வந்தது. வாழ்நாள் முழுதும் செய்த வேலையின் பளு தட்டுத் தேய்வில் கொஞ்சம்தான் பங்கு வகித்தது. பிறப்போடும் வளர்ந்த குடும்பத்தோடும் வந்ததே மிகுதி.

இதனால் தட்டுக்கு வலியில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. மோசமாகத் தேய்ந்தவர்களிடம் வலியும் கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருடைய தட்டுக்குள் வெளியிலிருந்து நரம்பிழைகள் வளர்ந்து நுழைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் படத்தில் கறுத்திருப்பது ஒரு சாட்சி மட்டுமே. அதைக் குற்றவாளியாகவே எழுதிக்கொண்டால், அதைச் சரிசெய்தும் வலி போகாத நாள் வரும்.

குருத்தணு வந்த வழி

1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் எலிகளின் மஜ்ஜையில் ஒரே உயிரணுவிலிருந்து பலவகை இரத்த அணுக்கள் பிறப்பதைக் காட்டினார்கள். குருத்தணு என்பது அதுவரை ஊகம். அன்று முதல் அது ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள். அதே காலகட்டத்தில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன், மஜ்ஜையில் இரத்தம் ஆகாத வேறு வகை உயிரணுக்களும் இருப்பதையும், அவை எலும்பாக மாறக்கூடும் என்பதையும் கண்டார். இவற்றுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஆர்னால்டு கேப்லன் 1991-இல் மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் வைத்தார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு எல்லாவற்றுக்கும் மூலம் என்ற பொருளில் வைத்த பெயர் அது. முதுகுக்கு இன்று போடப்படும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். சிங்கப்பூர் இந்தத் துறையில் பேசப்படுவதற்கு முக்கியக் காரணம் வேறொரு வகைக் குருத்தணு. இலங்கையில் பிறந்தவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவருமான அரிஃப் பொங்சோ, 1994-இல் மனிதக் கருவின் தொடக்கநிலை உயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்ததை வெளியிட்டார். 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் அவற்றைத் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டார். எதுவாகவும் மாறக்கூடியவை அந்தக் கரு உயிரணுக்கள். மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுப்பவற்றுக்கு அந்த ஆற்றல் கிடையாது. விளம்பரங்களில் இரண்டும் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. கலப்பதில் சிலருக்கு ஆதாயமும் இருக்கிறது.

2003-இல் மறுபடி முயல் வருகிறது. ஜப்பானின் தோக்காய் பல்கலைக்கழகத்தில் தைசுகே சக்காயும் உடன் ஆய்வாளர்களும் முயல்களின் தட்டைச் சிதைத்து, அதில் மஜ்ஜைக் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். செலுத்திய தட்டுகள் மற்றவற்றைவிட நன்றாக இருந்தன. 1956-இன் முயல் தட்டைக் கரைக்க வழிகாட்டியது. 2003-இன் முயல் அதை வளர்க்க வழிகாட்டியது. ஆனால் முயலுக்குத் தட்டு சிறியது, சத்து எளிதில் எட்டும். அது நிமிர்ந்து நடப்பதில்லை. மனிதரில் சிறுவயதிலேயே மறைந்துவிடும் ஒரு வகை உயிரணு, முயலின் தட்டில் வளர்ந்த பின்னும் தங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகு வலிக்கிறதா என்று முயலிடம் கேட்க முடியாது.

மனிதரின் வற்றிப்போன தட்டு, குடியேறப் போகும் உயிரணுவுக்கு ஒரு பாலைவனம். இரத்தக் குழாய் இல்லை என்று முன்பே பார்த்தோம். பிராணவாயு குறைவு, சர்க்கரை குறைவு, அமிலம் மிகுதி. கீழும் மேலும் உள்ள எலும்புப் பரப்பு தடித்து, வரும் கொஞ்சம் சத்தையும் தடுத்திருக்கும். பழைய குடிகள் பட்டினியால் இறந்த வீட்டில் லட்சக்கணக்கான புதுக் குடிகளைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை ஆய்வாளர்களே கேட்டார்கள். அதற்குப் பிறகு கதை மாறியது. உயிரணுக்கள் தட்டாக மாறாவிட்டாலும், அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கலாம் என்றார்கள். பெயர் வைத்த கேப்லனே 2017-இல், இவை குருத்தணுக்கள் அல்ல, பெயரை மாற்றுங்கள் என்று கட்டுரை எழுதினார். பெயர் தவறான நம்பிக்கையை ஊட்டுகிறது என்பது அவர் வருத்தம். 2024-இல் அவர் மறைந்தார். கிளினிக்குகளின் பெயர்ப்பலகைகளில் பழைய பெயரே தொங்கிக்கொண்டிருக்கிறது.

பத்தில் ஏழு பேர்

மனிதர்களில் நடந்த சோதனைகளுக்கு வருவோம். 2010-இல் ஜப்பானின் நாரா நகரிலிருந்து இரண்டு மூதாட்டிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. அவர்களுடைய மஜ்ஜை உயிரணுவையே வளர்த்துத் தட்டில் வைத்தார்கள், இருவருக்கும் நலம். 2011-இல் ஸ்பெயினிலிருந்து 10 பேர். மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ஒரு வருடத்தில் தட்டில் நீர் கொஞ்சம் ஏறியதாகப் படம் காட்டியது. ஆனால் சப்பையான தட்டு உயரவில்லை. இரண்டிலும் ஒப்பிட யாரும் இல்லை. கிளினிக்குகளின் விளம்பரங்களுக்கு இவை போதுமானவையாக இருந்தன.

ஒப்பிடத் தொடங்கியதும் எண்கள் அடக்கமாயின. 2017-இல் ஸ்பெயினிலேயே 24 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிறரிடமிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொடுத்தார்கள். பெற்றவர்களில் பத்தில் நால்வர் அளவுக்கே தெளிவான பலன். பிறகு ஆஸ்திரேலியாவின் மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேரிடம் பெரிய சோதனை நடத்தியது. ஒப்பிடுவதற்கு உப்பு நீர். 2021-இல் முடிவு வந்தது. வலி குறைவதையும் அன்றாட இயக்கம் மேம்படுவதையும் சேர்த்து வைத்திருந்த இலக்கை அது எட்டவில்லை. ஆனால் வலியை மட்டும் தனியே பார்த்தால், அதுவும் நோய் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களிடம், ஒரு பிரிவில் பலன் தெரிந்ததாக நிறுவனம் சொன்னது. பந்தயம் முடிந்த பிறகு கோட்டை நகர்த்துவதுபோல் இது தோன்றலாம். முறையான வழி, புதிய கோட்டை முன்கூட்டியே போட்டுவிட்டு மறுபடி ஓடுவதுதான். நிறுவனமும் அதையே செய்தது. 2024-இல் புதிய சோதனையைத் தொடங்கியது.

மிக முக்கியமான முடிவு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரெஸ்பைன் என்ற சோதனையில் 114 பேர். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று பல மருத்துவமனைகளில் நடத்தியது. ஒரு பாதிக்குப் பிறரிடமிருந்து எடுத்து வளர்த்த இரண்டு கோடி மஜ்ஜை உயிரணுக்கள். மறுபாதிக்குப் போலி ஊசி. முடிவு 2024-இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து, உயிரணு பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பலன் கண்டார்கள். போலி ஊசி போட்டவர்களில் பலன் கண்டவர்கள் 69 விழுக்காட்டினர். இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒப்பிடும் பிரிவே இல்லாத ஒரு கிளினிக் இதே ஊசியைப் போட்டால், "எங்களிடம் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குணம்" என்று சொல்லும். அது பொய் அல்ல. குணமானவர்கள் சாட்சி சொல்வார்கள். அதுவும் பொய் அல்ல. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருத்துவரைத் தேடிப் போகிறார். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. நம்பிக்கையும் கவனிப்பும் வலியைத் தணிக்கும். போலி ஊசியின் பத்தில் ஏழுக்கு இவையெல்லாம் சேர்ந்த கூட்டுத்தான் காரணம். பப்பாளி ஊசியின் காலத்தில் பத்தில் நான்காக இருந்தது, இங்கே ஏழாகத் தெரிகிறது.

தட்டிலிருந்தே எடுத்த உயிரணுக்களைக் கொண்டு வேறு சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஆகவே குருத்தணு மருத்துவம் முழுதும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதே மெசோபிளாஸ்ட் நிறுவனத்தின் மஜ்ஜை உயிரணு மருந்து ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. முதுகுக்கு அல்ல. மஜ்ஜை மாற்றத்துக்குப் பின், ஏற்ற மஜ்ஜை குழந்தையின் உடலையே தாக்கும் கொடிய நிலைக்கு. 

ஊசி அறைக்குள்

சோதனை மருத்துவமனைக்கும் கடைத்தெரு கிளினிக்குக்கும் உள்ள தூரம்தான் நோயாளிக்கு ஆபத்து. 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்ததாக விற்கப்பட்ட ஊசிகளைப் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் போன ஊசிகள் அவை. பெருங்குடலில் வாழும் கிருமிகள் அவற்றில் இருந்தன. அந்த ஊசிகளுக்கு எந்த அனுமதியும் இருக்கவில்லை. முதுகுத் தட்டுக்குள் கிருமி போனால், இரத்தம் எட்டாத இடம் என்பதால் மருந்தும் எளிதில் எட்டாது.

நம் வட்டாரத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2009-இலேயே குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி வெளியிட்டது. சிங்கப்பூரில் 2021 மார்ச் 1 முதல் உயிரணு, திசு, மரபணு மருந்துகள் சுகாதாரப் பொருள் சட்டத்தின் கீழ் வந்தன. ஆனால் வலியால் தூங்காத மனிதர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கிளம்புவதில்லை. அண்டை நாட்டுக்கு விமான டிக்கெட் எடுப்பது எளிது. ஊழியர் சேமநிதியில் சேர்த்ததை எடுத்தாவது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குடும்பத்தில் முடிவெடுப்பதும் எளிது.

அவர் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை பேருக்குக் குணமானது?" என்பதல்ல. "யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?" என்பது. அதற்குப் பதிலாக ஒரு புகைப்பட ஆல்பம் நீட்டப்பட்டால் பணப்பையை மூடிவிடலாம். முறையான சோதனையில் சேர்பவரிடம் உயிரணுவுக்குக் கட்டணம் கேட்பது வழக்கமில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அதற்குள் செய்ய ஒன்றுமே இல்லையா? உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான தன் வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநிலைக்கான துணை ஆகியவையே அதில் முன்னால் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. முதுகு வலி வந்து தேறியவர்களில் ஒரு பிரிவினருக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சும்மா இருந்த பிரிவில் வலி மறுபடி வர எடுத்த நாட்கள் நடுமதிப்பாக 112, நடந்தவர்களுக்கு 208. கறுத்துப்போன தட்டு எதுவும் அதனால் வெளுத்ததாக யாரும் சொல்லவில்லை. வலி இல்லாத நாட்கள் மட்டும் கூடின.

2024-இல் தொடங்கிய மெசோபிளாஸ்டின் புதிய சோதனையில் 300 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். இந்த முறை இலக்கு ஒன்றே: ஊசி போட்டு 12 மாதம் கழித்து வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது. ஒரு பிரிவுக்கு உயிரணு, மற்றதற்கு உப்பு நீர். எந்த ஊசியில் எது என்பது, வலியை எண்ணாகக் குறித்துக்கொடுக்கும் நோயாளிக்குக் கணக்கு முடியும் வரை தெரியாது.